இரும்பு தின்னும் விலங்குக்குப் பசிக்க வேண்டும்

"இவ்ளோ எடையோட இது பறக்காதே."

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு கதையாட்டத்தின் நடுவே என் தோழி சொன்னது இது. மேஜையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தோம். ஒருவர் கதையையும் அதில் வரும் விலங்குகளையும் சொல்லிக்கொண்டு போக, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் அது. வழக்கம்போல ஆட்டத்தை நடத்துவது நான். பல வாரங்களாகக் கட்டிக்கொண்டு வந்த கதை, ஒரு மலையுச்சியில் டிராகனோடு முட்டும் இடத்துக்கு வந்திருந்தது. நான்கு யானைகளின் எடை, விரித்தால் பதினைந்து மீட்டர் சிறகு என்றெல்லாம் வர்ணித்து, அது மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்குவதாகச் சொல்லி முடித்தேன். அவள் விலங்கியல் படித்தவள். பகடையைக் கைக்குள் உருட்டியபடி, கேலி துளியும் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடுதான் அதைச் சொன்னாள். நான் "மாயம்" என்றேன். சரி என்று தலையசைத்தாள். ஆட்டம் தொடர்ந்தது, டிராகன் செத்தது, எல்லோரும் மகிழ்ச்சியாகவே வீட்டுக்குப் போனார்கள்.

எனக்கு மட்டும் அந்த ஒற்றைச் சொல் பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் சொன்னது சரியா தவறா என்பதில்லை பிரச்சினை. ஒருத்தி என் டிராகனை ஒரு உயிராக நினைத்து ஒரு கேள்வி கேட்டாள், நான் கதவைச் சாத்திவிட்டேன். சாத்தியதற்குக் காரணம், கதவுக்குப் பின்னால் காட்ட என்னிடம் எதுவுமே இல்லை. அந்த டிராகன் நேற்று என்ன செய்தது, எதைத் தின்றது, எங்கே தூங்கியது, ஏன் அந்த மலை என்று எனக்கே தெரியாது. ஆட்டக்காரர்கள் வந்து கொல்வதற்காக உச்சியில் காத்திருந்த எண்களின் தொகுப்பு அது. அதற்கு அப்பால் அது எதுவுமில்லை.

அளவுகோலோடு அலைந்த வருடம்

முதலில் நான் போன வழி தவறானது. ஆனால் அந்த வழியில் கற்றதெல்லாம் பின்னால் உதவியதால் அதையும் சொல்லியாக வேண்டும்.

கலிலியோ 1638-இல் வெளியிட்ட தன் கடைசி நூலில் எலும்புகளைப் பற்றிப் பேசுகிறார். ஒரு விலங்கை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் அதன் எலும்பின் குறுக்குவெட்டு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். மூன்று மடங்கு நீளமான ஓர் எலும்பு அதே வேலையைச் செய்ய எவ்வளவு தடிமனாக வேண்டும் என்று படமே வரைந்து காட்டியிருக்கிறார். 1926-இல் உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் இதே கணக்கைக் கதைகளில் வரும் அரக்கர்கள் மேல் போட்டுப் பார்த்தார். மனிதனைப் போலப் பத்து மடங்கு உயரம் என்றால் எடை ஆயிரம் மடங்கு, எலும்பின் பரப்போ நூறு மடங்குதான். ஆக ஒவ்வொரு சதுர அங்குல எலும்பும் பத்து மடங்கு பாரம் தாங்க வேண்டும். மனிதனின் தொடையெலும்பு முறிகிற அளவே ஏறக்குறைய அதுதான். அரக்கன் எடுத்து வைக்கிற முதல் அடியிலேயே கால் முறியும்.

பறப்பதிலும் அப்படித்தான். இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்றான கோரி பஸ்டர்டு இருபது கிலோவைத் தொடுவது அரிது. இதுவரை பறந்தவற்றிலேயே பெரியதாகக் கருதப்படும் கெட்சல்கோட்லஸ் என்ற டெரோசாருக்கு (டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வன)ச் சிறகு விரிப்பு பத்து மீட்டருக்கு மேல், எடை இருநூறு இருநூற்றைம்பது கிலோ இருந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். என் டிராகன் இருபது டன். பூச்சிகளை எடுத்துக்கொண்டால், முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன், காற்றில் ஆக்சிஜன் இன்றைவிட அதிகமாக இருந்த காலத்தில் வாழ்ந்த தும்பியின் உறவுப் பூச்சி ஒன்றுக்குக்கூடச் சிறகு விரிப்பு எழுபது சென்டிமீட்டரைத்தான் நெருங்கியது.

நான் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டேன். என் ஆட்டத்தின் விலங்குப் பட்டியலிலிருந்து அரக்கர்களை அடித்தேன். டிராகனைப் பெரிய கழுகளவுக்குச் சுருக்கினேன். குதிரை அளவுச் சிலந்தியை நீக்கினேன். ஆறு கால் விலங்குகள் எல்லாம் போயின, ஏனென்றால் முதுகெலும்பிகளின் உடல் திட்டத்தில் நான்கு கைகால்களுக்குத்தான் இடம். பறவையும் வௌவாலும் டெரோசாரும் முன்கால்களை விலையாகக் கொடுத்துத்தான் சிறகு வாங்கின. இப்படியே ஏறக்குறைய ஒரு வருடம் ஆடினோம். ஆட்டம் உலர்ந்துபோனது. ஒருநாள் ஓர் ஆட்டக்காரர் மிகவும் தயங்கி என்னிடம் சொன்னார்: "எதைப் பார்த்தாலும் மொதல்ல இது நடக்குமா நடக்காதான்னுதான் மனசு போகுது. பயமே வர மாட்டேங்குது." நான் அவருக்குக் கொடுத்திருந்தது பாலத்தைச் சோதிக்கும் பொறியாளரின் கண். உயிரைப் பார்ப்பவர்களின் கண் அதுவல்ல.

வாத்தலகு கொண்ட ஆஸ்திரேலியப் பாலூட்டியான பிளாட்டிபஸின் உலர்ந்த தோல் 1799-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாவின் கைக்கு வந்தபோது, யாரோ வாத்தின் அலகை ஒரு விலங்கின் மேல் ஒட்டி ஏமாற்றுகிறார்கள் என்றுதான் அவருக்கும் சந்தேகம் வந்தது. தையல் ஏதும் அகப்படவில்லை. அதன் பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் மாறிவிட்டன. அலகு எதற்கு? கலங்கிய நீரில் கண்ணை மூடிக்கொண்டு எப்படி இரை தேடுகிறது? இரையின் தசைகளில் எழும் மின்சாரத்தை அந்த அலகாலேயே உணர்கிறது என்ற விடை கிடைக்க மேலும் பல தலைமுறைகள் ஆயின. "இது இருக்க முடியுமா" என்ற கேள்வியோடு ஷா நின்றிருந்தால் அந்த விடைக்கு வழியே இல்லை. விலங்கு எதிரே நிற்கிறது, அவ்வளவுதான். இனி அது எப்படி வாழ்கிறது என்று பார்க்க வேண்டும். என் மேஜைக்கு அந்த வரிசையைக் கொண்டுவர எனக்கு ஒரு வருடம் பிடித்தது. கொண்டுவந்தது டிராகன் இல்லை, ஒரு பூச்சி.

துருப்பூச்சியின் கணக்கு

இவ்வகை ஆட்டங்களில் புகழ்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியவர்களுக்கு ரஸ்ட் மான்ஸ்டரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் மேஜையில் அதற்குத் துருப்பூச்சி என்று பெயர். உணர்கொம்பால் தொட்டால் வாளும் கவசமும் துருவாக உதிரும், உதிர்ந்த துருவை அது தின்னும். அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், கடையில் வாங்கிய மலிவான பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைப் பார்த்துத்தான் இதைக் கற்பனை செய்தார். ஆந்தைக்கரடி பிறந்ததும் அதே பொம்மைக் கூட்டத்தில்தான். அதனால் இதன் மேல் அறிவியலைப் போடுவதில் அர்த்தமில்லை என்று பலர் சொல்வார்கள். அன்று இரவு நான் அதை அடிக்கத்தான் உட்கார்ந்தேன். சிவப்புப் பேனா கையில் இருந்தது. அடிப்பதற்கு முன் ஒரு காரணம் எழுதுவது என் வழக்கம். "துருவில் உணவுச் சத்து கிடையாது" என்று எழுதினேன்.

எழுதியது உண்மைதான். துரு என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த இரும்பு. துருவைத் தின்று வாழ்வது அடுப்புச் சாம்பலைத் தின்று வாழ்வது மாதிரி. ஆனால் சாம்பல் என்று எழுதியதுமே அடுத்த கேள்வி தானாக வந்தது. அப்படியானால் விறகு எது? இரும்பு. இரும்பு துருவாகும்போது எவ்வளவு வெப்பம் வருகிறது? குளிருக்குக் கையில் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பைகளுக்குள் இருப்பது இரும்புத் தூள்தான். அது மெல்லத் துருப்பிடிக்கும் சூடுதான் நம் கையில் படுகிறது. கணக்குப் போட்டேன். ஒரு கிராம் இரும்பு முழுதாகத் துருவானால் ஏறக்குறைய 7.4 கிலோஜூல் வெளிப்படும். ஒரு கிராம் சர்க்கரை தருவது சுமார் 17. அதாவது இரும்பில் சர்க்கரையின் பாதிக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் இருக்கிறது! நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். 1.2 கிலோ எடையுள்ள ஒரு வாளில் இரண்டாயிரம் கிலோகலோரிக்குமேல் இருக்கிறது, ஒரு மனிதனின் ஒரு நாள் சாப்பாட்டு அளவு.

உடலியலாளர் மாக்ஸ் க்ளைபர் 1932-இல் சொன்ன விதி ஒன்று உண்டு. ஓர் உடல் சும்மா இருக்கும்போது செலவழிக்கும் ஆற்றல் அதன் எடையோடு நேராக ஏறுவதில்லை, எடையின் முக்கால் அடுக்கோடு ஏறுகிறது. அதன்படி நூறு கிலோ எடையுள்ள வெப்ப இரத்த விலங்குக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,200 கிலோகலோரி வேண்டும். நாளுக்கு ஒரு வாள். குளிர் இரத்த விலங்கின் செலவு அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்பதால், பூச்சியைப் போன்ற ஒன்றுக்கு ஒரே வாள் பத்து நாள் தாங்கும். பத்துக் கிலோ எடையுள்ள வளையக் கவசம் கிடைத்தால் இரண்டரை மாதத்துக்குக் கவலையில்லை. என் பேனா அடிக்க வந்த விலங்குக்கு வயிறு இருந்தது, வயிற்றுக்குக் கணக்கு இருந்தது, கணக்கு நேராகவும் வந்தது.

அன்றைக்கு விடியும்வரை தூங்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக ஒன்றிலிருந்து ஒன்று வந்துகொண்டே இருந்தது. இரும்பு ஆக்சிஜனோடு சேர்கிறது, ஆகவே ஒரு கிலோ இரும்பு 1.43 கிலோ துருவாகிறது. தின்றதைவிட அதிக எடைக்குக் கழிக்கும் விலங்கு! அதன் தடம் முழுக்கச் செம்பொடி. ஒரு கிலோ இரும்புக்கு வேண்டிய ஆக்சிஜன் சுமார் ஒன்றரைக் கன மீட்டர் காற்றிலிருந்து வர வேண்டும். அடைத்த அறைக்குள் துருப்பூச்சி உண்டுகொண்டே இருந்தால் அந்த அறையின் காற்று செத்துவிடும். கப்பல்களில் நங்கூரச் சங்கிலியைப் போட்டு வைக்கும் அடைந்த அறைகளில் இது உண்மையிலேயே நடக்கிறது; துரு காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, தெரியாமல் உள்ளே இறங்கிய மாலுமிகள் இறந்திருக்கிறார்கள்.

இன்னொரு கேள்விதான் என்னை அதிகம் பாதித்தது. இரும்பு உலோகமாகவே கிடைப்பது இயற்கையில் மிக அரிது. விண்கற்கள், கிரீன்லாந்தின் டிஸ்கோ தீவு போன்ற ஓரிரு இடங்கள், அவ்வளவே. மற்ற இரும்பெல்லாம் தாதுவாக, ஏற்கெனவே ஆக்சிஜனோடோ கந்தகத்தோடோ கட்டுண்டு கிடக்கிறது. அப்படியானால் யாராவது இரும்பை உருக்கி எடுக்கத் தொடங்கும்வரை துருப்பூச்சிக்கு உணவே இல்லை. அது ஆதிகால அரக்கன் அல்ல. சிட்டுக்குருவியைப் போல, வீட்டெலியைப் போல, மூட்டைப்பூச்சியைப் போல மனிதரின் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட உயிர். இவ்வளவு சீக்கிரம் ஓர் உயிர் புது உணவுக்குப் பழகுமா என்றால், பழகும். நைலானை மனிதர்கள் உருவாக்கியது 1935-இல். அதன் கழிவைத் தின்னும் பாக்டீரியாவை ஜப்பானில் ஓர் ஆலையின் கழிவுநீர்க் குட்டையில் 1975-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். கொல்லர்கள் சில ஆயிரம் ஆண்டுகளாகச் சம்மட்டி அடிக்கும் ஓர் உலகத்தில் துருப்பூச்சி தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒரே ஒரு முடிச்சு மிச்சமிருந்தது. ஆட்டத்தின் கையேடு சொல்வது அது துருவைத் தின்கிறது என்று. என் கணக்கோ இரும்பைத் தின்று துருவைக் கழிக்கிறது என்கிறது. விடிகிற நேரத்தில் தோழியைக் கூப்பிட்டேன். தூக்கக் கலக்கத்தில் முழுதாகக் கேட்டுவிட்டு, "அது தனியா செரிக்காது. கரையான் மரத்த செரிக்கிற மாதிரி, வயித்துக்குள்ள நுண்ணுயிர் வச்சிருக்கும்," என்றாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவளே, "குட்டிக்கு அந்த நுண்ணுயிர் எங்கேர்ந்து வரும்னு யோசிச்சியா? யானைக் குட்டி தாயோட சாணத்தத் திங்கும். கோலாக் குட்டியும் அப்படித்தான். இதோட குட்டி துருவ நக்கும்." கையேட்டில் பொய் இல்லை. அதை எழுதியவர் பார்த்தது குட்டியை.

கதவைத் திறந்தபோது

அடுத்த ஆட்டத்தில் அவர்கள் கைவிடப்பட்ட ஒரு கோட்டையின் ஆயுதக் கிடங்குக்கு வந்தார்கள். நான் விலங்கின் பெயரைச் சொல்லவில்லை. மரக்கதவு உப்பியிருக்கிறது, கீல் இல்லை, கீல் இருந்த இடத்தில் சிவப்புக் கறை என்று மட்டும் சொன்னேன். கதவைத் தள்ளியதும் தீப்பந்தங்கள் மங்கின. காற்று வீசவில்லை, ஆனாலும் சுடர் சுருங்குகிறது என்றேன். மேஜையில் பேச்சு நின்றது. "வெளிய வாங்க எல்லாரும்," என்றார், பயமே வரவில்லை என்று ஒரு வருடம் முன்பு சொன்ன அதே ஆட்டக்காரர். நீண்ட நேரம் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். பிறகு உள்ளே போய்ப் பார்த்தார்கள். கேடயங்களின் மரம் அப்படியே, வெண்கலப் பிடிகள் அப்படியே, ஈட்டிகளுக்கு முனை இல்லை. தரையில் கணுக்கால் அளவுக்குச் செம்பொடி. தோல்வார்களையும் ஏதோ கடித்திருக்கிறது, ஏனென்றால் இரும்பில் ஆற்றல் உண்டே தவிர உடம்பை வளர்க்கும் நைட்ரஜனும் கார்பனும் கிடையாது. அதற்கு வேறு எதையாவது தின்றே ஆக வேண்டும்.

கண்டுபிடித்துவிட்டார்கள். வீரப் பெண்ணாக ஆடியவர் தன் பாத்திரத்துக்குப் பாட்டி கொடுத்த வாள் என்று இரண்டு வருடமாக ஒரு வாளைப் பேணி வந்தவர். துருப்பூச்சி என்றதும் அவர் கையிலிருந்த பென்சில் நடுங்கியதைப் பார்த்தேன். மற்ற ஆட்டங்களில் இந்த இடத்தில் தூரத்திலிருந்து அம்பெய்து கொல்வார்கள். அவர் அம்பெய்யவில்லை. கவசத்தையும் வாளையும் வாசலுக்கு வெளியே வெகுதூரத்தில் வைத்துவிட்டு, வெறும் துணியோடு, ஒரு மரக்கட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போவதாகச் சொன்னார். மூலையில் பூனை அளவில் ஒன்று தரையிலிருந்த பொடியை நக்கிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இது துருவ நக்குதா? இரும்ப இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். சற்று யோசித்தார். "அப்போ இதோட அம்மா இங்கதான் இருக்கு."

அதை நான் சொல்லித்தரவில்லை, ஒரு குறிப்பும் தரவில்லை. பகடை எதுவும் உருளவில்லை. என் குறிப்பேட்டில் மட்டும் இருந்த ஒரு விலங்கின் வாழ்க்கையை எதிரே இருந்தவர் அதன் கழிவிலிருந்து படித்துவிட்டார். இத்தனை வருடம் ஆட்டம் நடத்தியதில் அதைப் போன்ற ஒரு கணம் எனக்கு அமைந்ததே இல்லை. தாய் இருட்டிலிருந்து வந்தபோது அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். உணர்கொம்பு அவர் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, அங்கே இரும்பு இல்லாததால், விலகியது. அடுத்து வந்த மூன்று ஆட்டங்களில் அந்த விலங்கு அவர்களோடு இருந்தது. லாடமும் வளைந்த ஆணியும் வழி நெடுக வைத்து அதை எதிரியின் சிறைவரை கூட்டிப்போனார்கள். கம்பிகளைத் தின்று முடிக்க அது எத்தனை நாள் எடுக்கும் என்று அவர்களே கணக்குப் போட்டார்கள், என் கணக்கோடு அது ஒத்தும் வந்தது.

வயிற்றிலிருந்து தொடங்கினால்

அதற்குப் பிறகு எந்த விலங்கையும் நான் அடித்ததில்லை. நீக்கியவற்றைத் திரும்பக் கூப்பிட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய்யை அனுமதிப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். துருப்பூச்சிக்கு அந்தப் பொய் உணர்கொம்பு தொட்டவுடன் இரும்பு உதிரும் வேகம். அரக்கனுக்கு எலும்பின் வலு. அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் நேர்மையாக இருக்க வேண்டும். குறிப்பாகப் பசி.

ஆந்தைக்கரடியில் எனக்கு முதலில் தோன்றியது அலகும் நகமும் இல்லை, உமிழ் உருண்டை. ஆந்தை இரையை விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கிக் கக்கும். கரடி அளவில் அப்படி ஒன்று செய்தால் காட்டுப் பாதையில் தலையளவு உருண்டைகள் கிடக்கும். பிரித்துப் பார்த்தால் மான் குளம்பு, முயல் மண்டையோடு, ஒரு பெல்ட் கொக்கி, ஒரு மோதிரம். காணாமல்போனவரைத் தேடி வந்தவர்களுக்கு அந்த மோதிரம் போதும். விலங்கைப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வயிறு கலங்கிவிடும். பெட்டி வடிவில் காத்திருக்கும் மிமிக் பற்றி, யாரும் வராத நிலவறையில் அது எப்படிப் பட்டினி கிடக்காமல் இருக்கிறது என்று கேட்பார்கள். குகை நீரில் வாழும் ஓல்ம் என்ற குருட்டுச் சலமாண்டர் ஒன்று 2,569 நாட்கள் ஒரே இடத்தில் அசையாமல் இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஏழு வருடம்! பதுங்கியிருந்து வேட்டையாடும் உயிருக்குப் பொறுமைதான் உணவு. ஆனால் அப்படி ஏழு வருடம் கிடந்த உடம்புக்கு ஒரு பாய்ச்சலுக்குத்தான் வலு இருக்கும். முதல் கடியைத் தப்பியவர் நடந்தே போய்விடலாம். எங்கள் மேஜையில் மிமிக் துரத்துவதில்லை.

நிலவறை முழுக்க விலங்குகளை நிரப்புகிறவர்களுக்கு நான் சொல்வது ருமேனியாவின் மோவிலே குகையைத்தான். 1986-இல் தோண்டும்போது தற்செயலாக அகப்பட்ட அந்தக் குகை பல லட்சம் ஆண்டுகள் வெளியுலகத் தொடர்பில்லாமல் இருந்திருக்கிறது. சூரிய ஒளியே இல்லை. கந்தக சேர்மங்களிலிருந்து ஆற்றல் எடுக்கும் பாக்டீரியாக்கள் நீரின்மேல் படலமாகப் படர்ந்திருக்கின்றன, அவற்றை மேய்கிற சிற்றுயிர்கள், அவற்றைப் பிடிக்கிற சிலந்தி, பூரான் என்று ஒரு முழு உலகமே உள்ளே. அழுகிய முட்டை நாற்றம் வீசும் நிலவறையில் உணவு உண்டு, நாற்றமில்லாத நிலவறையில் உணவு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்று என் ஆட்டக்காரர்கள் இப்போது மூக்கைக் கொண்டே முடிவு செய்கிறார்கள்.

எல்லாவற்றையும் இப்படிச் செய்யலாம் என்று நான் நினைக்கவில்லை. நடக்கும் பிணத்துக்கு வளர்சிதை மாற்றம் எழுத ஒருமுறை முயன்றேன், கெட்டுவிட்டது. பிணத்தைக் கண்டு நடுங்குவதே அதற்குப் பசியோ களைப்போ குளிரோ இல்லை என்பதால்தான். உயிர்களின் கணக்கு எதற்கும் அது கட்டுப்படாது. மேஜையில் மற்ற எல்லாமே பசிக்கிற உயிராக ஆன பிறகு, பசிக்காத ஒன்று வரும்போது முன்னைவிடப் பயங்கரமாக இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இன்னோர் எல்லையும் உண்டு. அதில் எனக்குக் கோபமே வரும். பேசுகிற, பெயர் வைத்துக்கொள்கிற, பிள்ளைக்குக் கதை சொல்கிற ஓர் இனத்துக்கு உயிரியலைப் போட்டு, "இவர்கள் பிறவியிலேயே கொடியவர்கள், இரத்தத்தில் இருக்கிறது" என்று எழுதுவதைப் பார்க்கிறேன். உண்மையான மனிதர்கள் மேல் இதே வார்த்தைகளை அறிவியல் என்று சொல்லிப் போட்ட காலம் ஒன்று இருந்தது. அதன் விளைவுகள் நமக்குத் தெரியும். ஓர் இனத்துக்கு இருட்டில் கண் தெரியும், குளிர் தாங்கும், மாமிசம் மட்டும்தான் செரிக்கும் என்று எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். அவர்கள் நல்லவர்களா என்பதை அவர்கள் செய்கிற காரியங்கள் சொல்லட்டும். இந்த ஒன்றில் என் மேஜையில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

மறுபடியும் டிராகன்

ஆறு வருடம் கழித்து இப்போதுதான் டிராகனுக்குத் திரும்பியிருக்கிறேன். இந்த முறை வயிற்றிலிருந்து தொடங்கினோம், தோழியும் நானும். இரை விலங்குகள் 10,000 கிலோ இருந்தால் அவற்றை நம்பி சுமார் 90 கிலோ ஊனுண்ணி வாழலாம் என்று பாலூட்டிகளை வைத்து 2002-இல் ஒரு கணக்கு வெளியானது. ஒரு டன் டிராகன் வெப்ப இரத்தமாக இருந்தால் அதற்குக் கீழே நூறு டன்னுக்கு மேல் மேய்ச்சல் விலங்குகள் எப்போதும் உயிரோடு திரிய வேண்டும், முந்நூறு மாடுகளுக்குக் கொஞ்சம் குறைவாக. ஊரார் வருடத்துக்கு ஒருமுறை கட்டிவிடும் ஓர் ஆடு யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதனால் எங்கள் டிராகன் குளிர் இரத்தம். கொமோடோ டிராகன் வருடத்துக்குப் பன்னிரண்டு முறை சாப்பிட்டாலே தாக்குப்பிடிக்கும். ஒரே வேளையில் தன் எடையின் 80 சதவீதம்வரை விழுங்கவும் செய்யும். குகைக்குள் மாதக்கணக்கில் தூங்குகிற டிராகனைப் பற்றிய கதைகளெல்லாம் இப்போது எங்களுக்குச் சரியாகப் பொருந்துகின்றன. பர்மிய மலைப்பாம்புக்குப் பெரிய இரையை விழுங்கிய இரண்டே நாளில் இதயத்தின் தசை 40 சதவீதம் பெருக்கிறது. எங்கள் டிராகனுக்கும் அப்படித்தான். உண்டு முடித்த வாரம் அதன் மார்பில் காது வைத்தால் மலையே அடித்துக்கொள்வதுபோலக் கேட்கும். அந்த நேரத்தில் மிரட்டினால் பாம்பைப் போலவே விழுங்கியதைக் கக்கிவிட்டு ஓடும்.

சிறகுக்கும் வழி கிடைத்தது. டிராகோ என்ற சின்ன ஓணான் வகை ஒன்று மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கிறது. அதன் சிறகுகள் கைகள் இல்லை, நீண்ட விலா எலும்புகள் மேல் விரித்த தோல். நான்கு காலும் அப்படியே இருக்கின்றன, ஐந்தாவதாக எந்தக் கைகாலும் தேவையில்லை. எங்கள் டிராகன் சிறகடிக்காது. செங்குத்துப் பாறையில் ஏறி, விலாவை விரித்து, பள்ளத்தாக்கின் மேல் சறுக்கி இறங்கும். திரும்ப மேலே போக ஒருநாள் ஏற வேண்டும். அந்த ஒருநாள்தான் கீழே இருப்பவர்களுக்கு அவகாசம். எங்கள் ஒற்றைப் பொய், அந்த ஒரு டன்னைக் காற்று தாங்கும் என்பது. அதைக் கொடுக்க அவள் சம்மதித்துவிட்டாள்.

முட்டைகளைப் பற்றிச் சொன்னதும் அவள்தான். 2006-இலும் 2007 தொடக்கத்திலும் இங்கிலாந்தின் விலங்குக் காட்சி சாலைகளில் ஆண் துணையே இல்லாமல் கொமோடோ டிராகன்கள் இட்ட முட்டைகள் பொரிந்தன. அவற்றின் குரோமோசோம் அமைப்பினால் அப்படிப் பொரியும் குஞ்சுகள் எல்லாமே ஆண்கள்தான். ஆளில்லாத தீவில் ஒரு பெண் மட்டும் கரையேறினாலும், அவளிடமிருந்தே பிறக்கும் ஆண்களைக் கொண்டு ஓர் இனம் தொடங்கலாம்.

வரும் ஆட்டத்தில் என் ஆட்டக்காரர்கள் அந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறார்கள். பாறையின் மேல் விளிம்பில், வெயில் படும் மணலில், நான்கு முட்டைகள் புதைந்திருக்கின்றன. அந்த நாட்டில் வேறு டிராகன் கிடையாது. தாயைக் கொன்றுவிட்டால் மிஞ்சுவது நான்கு ஆண் குஞ்சுகள், அவற்றோடு எல்லாம் முடிந்துவிடும். விட்டுவைத்தால் இருபது வருடத்தில் பள்ளத்தாக்கு முழுக்க இருக்கும், ஊராருக்கு மாடு மிஞ்சாது. அவர்கள் அங்கே போய் முதலில் எதைத் தேடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. மணலில் வால் இழுத்த தடம் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் குறிப்பேட்டில் வரைந்து வைத்திருக்கிறேன்.